கிணற்றடியில் ஒரு பாடம்

கல்பாக்கத்துக் கரையோரக் கிராமங்களில் பணியாற்றும் உபாத்தியாயர்கள், ஜலத்தைப் பற்றிய பாடத்தைப் புஸ்தகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதிலும் உப்பு ஜலமே. இரண்டிற்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் தோண்டிய கிணற்றில் குடிக்கத்தக்க ஜலம் ஊறுவது எங்ஙனம்? இக்கேள்வியை மாணாக்கரிடம் கேட்டு, விடை கூறாமலே அவர்களை வெளியே அழைத்துச் செல்வது உத்தமம்.

முதலில் ஒரு தராசு வேண்டும். ஒத்த அளவும் எடையுமுள்ள இரு செம்புகளில் கடல் ஜலத்தையும் கிணற்று ஜலத்தையும் நிரப்பி நிறுத்தால், கடல் ஜலத்தின் தட்டு தாழும். 40 ஆழாக்குக் கடல் ஜலமும் 41 ஆழாக்கு நன்னீரும் ஏறக்குறைய ஒரே எடை. ஆதலால், மழை பெய்து மணலில் இறங்கிய நன்னீர், கனத்த உப்பு நீரின்மீது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை உப்பு நீர் ஒதுக்கப்பட்டிருக்கும். ஜெர்மன் தேசத்து ஹெர்ஸ்பெர்க் என்பார் 1901-ல் வெளியிட்ட கணக்கு இது.

இதைத் திருப்பிப் பார்த்தால்தான் அபாயம் விளங்கும். மிகுதியாக இறைத்து மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தே இருக்குமாயின், நாளடைவில் உப்பு 40 அடி மேலேறக்கூடும். ஓரடி குறைந்ததை யாரும் பொருட்படுத்துவதில்லை. கிணறு கரித்த பின்பே கூக்குரல் எழுகிறது.

ஆகையால் மாதம் ஒரு முறை, அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். கயிற்றை உபாத்தியாயரே பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கைப்பிடிச் சுவரை விட்டு விலகி நின்று முடிச்சுகளை எண்ணட்டும். அந்த ஜலத்தில் சோப்பு நுரைக்கிறதா என்பதையும் பார்க்கலாம். நாக்கில் வைத்துச் சோதிப்பது கூடாது.

கால்வாய்க்கு மேற்கே பல கிராமங்களில் கிணற்றின் ஊற்றைக் காப்பது ஏரியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் ஓடும்போது, புல் மூடிய சரிவிலிருந்தும் வெறும் சரிவிலிருந்தும் வழியும் ஜலத்தை இரு கண்ணாடிக் குப்பிகளில் பிடித்து, ஒரு நாள் அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். அளவுகோலால் அளந்த சிறுவனுக்கு, ஏரி தூர்ந்து போவதேன் என்று தனியே விளக்க வேண்டுவதில்லை. இதே பாலாற்றுப் பிரதேசத்தில், உத்தரமேரூர்ச் சபையார் ஏரி வாரியம் அமைத்திருந்ததை 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் கூறுகின்றன. வண்டலைக் கண்ணால் பார்த்த வகுப்பிற்கு இச்சரித்திரம் சுவைக்கும். அதற்கு முன் சொன்னால் வெறும் நெட்டுருவாகும்.

வெயில் தணிந்த ஒரு நாள், வாயலூரருகே பாலாறு கடலைச் சேருமிடத்திற்கும் போய் வரலாம். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வரும் ஆறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காணப்படும். அம்மணலே நீரைத் தேக்கும் பாத்திரம் என்பதைக் காட்ட, ஒரு வாளி மணலில் எத்தனை செம்பு ஜலம் மறைகிறதென்று ஊற்றிப் பார்க்கச் செய்க. அளவுகளைக் குறித்த நோட்டுப் புஸ்தகத்தைப் பள்ளியிலேயே வைத்து, மறுவருஷத்து வகுப்பினரிடம் ஒப்படைக்க வேண்டும்.