பெட்டி அப்படியே இருக்கட்டும்

குடிகாடு,
புரட்டாசி, வெள்ளி இரவு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் நீ கேட்டபோது பக்கத்தில் உன் மாமியார் பேசுவது என் காதிலும் விழுந்தது. அதனால்தான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை, கண்ணு. வாக்கர் வேண்டாம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அப்படியே இருக்கட்டும். ஏன் என்பதை நிதானமாக எழுதுகிறேன். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் மாப்பிள்ளை இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்கமாட்டார். காகிதத்தில் இருந்தால் சாப்பிட்டு முடித்த பிறகாவது எடுத்துப் படிப்பார்.

உன் கவலை எனக்குப் புரிகிறது. எதிர் வீட்டுக் குழந்தையும் நம் பையனும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அது வாக்கரில் கூடம் முழுக்க சர்ரென்று போகிறது, இவன் பாயில் உட்கார்ந்து டம்ளரை நக்கிக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்லத்தான் சொல்வார்கள். ஆனால் ஒன்றை நீயே மறந்துவிட்டாய். இவன் ஐந்து வாரம் முந்திப் பிறந்தவன். குறைமாதப் பிள்ளைக்கு வயதை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் இவனுக்கு இன்னும் எட்டு மாசம்கூட நிறையவில்லை. அப்புறம், எதிர் வீட்டுக் குழந்தை நடக்கிறது என்று யார் சொன்னது? சக்கரம் ஓடுகிறது, குழந்தை மேலே உட்கார்ந்து போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து எடுத்தது, டெல்லிப் பிள்ளைகளும் அதில் உண்டு. நல்ல ஆரோக்கியமான குழந்தை தானாக நடக்கத் தொடங்குகிற வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. சராசரி 12 மாதத்தை ஒட்டி வருகிறது. நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லையாம், ஆனாலும் நடந்துவிட்டார்கள். என் பால்வாடியிலேயே ஒரு பெண் புட்டத்தால் நகர்ந்து நகர்ந்து கூடத்தையே துடைத்துக்கொண்டு திரிந்தது. அதன் பாட்டி குலதெய்வத்துக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. பதினாறாம் மாசம் ஒரு நாள் மதியம், சத்துமாவு உருண்டையைப் பார்த்துவிட்டு எழுந்து நடந்து வந்தது. அவ்வளவுதான்.

பிள்ளைத்தமிழ் பாடினவர்களும் இதைக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எல்லாம் முடிந்த பிறகு, "வா" என்று கூப்பிடுகிற வருகைப் பருவம் ஆறாவதாகத்தான் வருகிறது. முருகனுக்கும் மீனாட்சிக்குமே அந்த வரிசைதான். நம் பையனுக்கு மட்டும் என்ன அவசரம்?

இப்போது என் வண்டவாளத்தைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

1991-ல் உன் மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது உன் அண்ணனுக்கு ஒரு வாக்கர் வாங்கி வந்தார். மஞ்சள் கலர், முன்னால் தட்டு, தட்டில் சுழலுகிற மணிகள். குடிகாட்டில் அப்போது அது அதிசயம். தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று பார்க்கும். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அப்போது புது வீடு கட்டியிருந்தோம், கூட்டிப் பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று வாசலுக்கு நிலைப்படி வைக்காமல் விட்டுவிட்டோம். ஒரு காலை, குழம்பு தாளிக்க எண்ணெயில் கடுகைப் போட்டேன். பையன் என் புடவைத் தலைப்பைப் பிடிக்கிற தூரத்தில் நின்றான். கடுகு வெடித்து அடங்குவதற்குள் கூடத்தைத் தாண்டி, திண்ணையைத் தாண்டி, மூன்று படிக்குக் கீழே வண்டியோடு தலைகீழாகக் கிடந்தான். நான் ஓடிப் போய்ப் பார்க்கும்போது சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இடது புருவத்தில் நாலு தையல். இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. கல்யாண போட்டோவை எடுத்துப் பார், தெரியும். ஊர்த் தாய்மாருக்கெல்லாம் பிள்ளை வளர்ப்பு சொல்லிக்கொடுக்கிற அங்கன்வாடி டீச்சர் வீட்டில் நடந்தது இது.

"நான் பார்த்துக்கொண்டுதானே இருப்பேன்" என்று நீ சொல்வாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாக்கரில் இருக்கிற குழந்தை ஒரே விநாடியில் மூன்றடிக்கு மேல் போய்விடும். அந்த வேகத்துக்குத் தாய் எழுந்து ஓடிப் பிடிக்க முடியாது.

அந்தப் புருவத்துக்காரன்தான் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது, "நல்லவேளை அம்மா, இங்கே வாக்கர் வாங்க நினைத்தாலும் கிடைக்காது" என்று சிரித்தான். கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து அதை விற்கவும் கூடாது, இறக்குமதி செய்யவும் கூடாது, விளம்பரம் செய்யவும் கூடாது. வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்களாமே, அதில்கூட வைக்கக் கூடாது. அமெரிக்காவில் தடை இல்லை, ஆனால் அங்கே குழந்தை மருத்துவர்களின் சங்கம் தடை கேட்டு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை எண் இருந்தால்தான் நம்புவார், அவருக்காக எழுதுகிறேன். 1990 முதல் 2014 வரை அங்கே வாக்கரால் அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த, பதினைந்து மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது பேருக்கு அடி தலையிலோ கழுத்திலோ. நாலில் மூன்று பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். நீ இருப்பது மாடி வீடு. என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

படிக்கட்டு மட்டும் என்றில்லை. பாயில் இருக்கிற குழந்தைக்கு மேசை விளிம்பு எட்டாது. வாக்கரில் ஏறினால் எட்டும். ரசக் கிண்ணம், டீ டம்ளர், அயர்ன் பாக்ஸ் வயர், உன் மாமனாரின் பிரஷர் மாத்திரை எல்லாம் எட்டும்.

சரி, விழாமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் நடந்துவிடுவானா என்று கேட்டால், அதுவும் இல்லை. தரையில் விட்ட குழந்தையை ஒரு மதியம் உட்கார்ந்து கவனி. கட்டில் காலைப் பிடித்து எழுவான். முட்டி நடுங்கும். பாதத்தைக் குனிந்து பார்ப்பான், ஏதோ புதுச் சாமான் மாதிரி. பொத்தென்று உட்காருவான். மறுபடி எழுவான். அப்புறம் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போவான். இதில் இடுப்பு வேலை செய்கிறது, முதுகு வேலை செய்கிறது, குதிகால் தரையில் படிகிறது. வாக்கரில் உடம்புப் பாரத்தைத் துணி சீட்டு வாங்கிக்கொள்கிறது. நுனிக்காலால் உந்தினால் போதும். முன்னால் தட்டு மறைப்பதால் தன் காலையே அவனால் பார்க்க முடியாது. சாய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நடராஜர் ஊரில் இருக்கிறாய், உனக்கா சொல்ல வேண்டும்? ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நின்றாக வேண்டும். அந்த ஒரு கணம் வாக்கரில் வரவே வராது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்கிற அம்மாள், நடை பழகும் பிள்ளைகள் விளையாடுவதைப் படம் பிடித்து ஒவ்வொரு அடியாக எண்ணியிருக்கிறார். 2012-ல் வெளிவந்தது. 12 முதல் 19 மாசப் பிள்ளைகள், மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தார்கள், 17 தடவை விழுந்தார்கள். மணிக்குப் பதினேழு! இவன் நாலு தடவை விழுந்ததற்கு நீ எனக்குப் போன் செய்து அழுதாய்.

அயர்லாந்தில் இன்னொரு ஆய்வு, 2002-ல். வாக்கரில் கழிக்கிற நேரம் கூடிக் கூடி 24 மணி ஆனால், தனியாக நடப்பது மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேல் தள்ளிப்போகிறது என்று கண்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்தத் தாமதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாக்கரில் வளர்ந்த பிள்ளைகளும் நடக்கத்தான் நடக்கிறார்கள். உன் அண்ணனும் நடந்தான். ஆனால் சீக்கிரம் நடக்க வைக்கும் என்று சொல்லித்தானே கடையில் விற்கிறார்கள்? அதைத்தான் அது செய்வதில்லை.

குடிகாட்டில் வீட்டுக்கு வீடு வாக்கர் வந்ததற்கு என் கணிப்பில் காரணம் வேறு. எண்பதுகளில் சிப்காட் வந்து ஊரில் ஷிப்டு வேலை தொடங்கியது. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். வீடோ ஒரே அறை. அடுப்பு தரையில். தண்ணீர் தெருக் குழாயில். தாய்க்கு இரண்டே கை. பிள்ளையை எங்காவது உட்கார வைத்தாக வேண்டும், அதுவும் அழாமல். அதனால் அந்தப் பெண்களை நான் ஒரு நாளும் திட்டியதில்லை. உன்னையும் திட்டவில்லை. உனக்கு வேண்டியது சமையல் முடிகிற அரைமணி நேரம். அதற்கு வழி பார்ப்போம்.

முதலில் படிக்கட்டு வாசலுக்கு ஒரு கிரில் கதவு போடச் சொல். பட்டறையில் நேர்க்கம்பி மட்டும் வைக்கச் சொல். குறுக்குக் கம்பி வைத்தால் அதையே ஏணியாக்கி ஏறுவான். கம்பி இடுக்கில் அவன் தலை நுழையக் கூடாது. சமையலறை வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு பலகை ஒன்று. அவன் உன்னைப் பார்க்கலாம், நீ அவனைப் பார்க்கலாம், அடுப்பு அவனுக்கு எட்டாது. பலகைக்கு அந்தப் பக்கம் பாயைப் போட்டு, எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, மரக்கரண்டி ஒன்று, மூடி இறுக்கின டப்பாவில் கொஞ்சம் புளியங்கொட்டை போட்டுக் கொடு. மூடி மட்டும் நன்றாக இறுகியிருக்கட்டும். குளியலறை வாளியைக் கவிழ்த்து வை, கதவைச் சாத்து. அரை வாளித் தண்ணீரே போதும் விபரீதத்துக்கு. காலில் அந்தக் கீக்கீ ஷூ வேண்டாம். வீட்டுக்குள் வெறுங்கால்தான் பிடிமானம். எண்ணெய்க் குளியல் நாளில் உள்ளங்காலை நன்றாகத் துடைத்துவிட்டு இறக்கு, டைல்ஸ் வழுக்கும். கொலுசைக் கழற்றாதே. சத்தம் நின்றால் எங்கேயோ வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சாயங்காலம் கோயில் பிராகாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. அங்கே எத்தனை பிள்ளைகள் தூணைப் பிடித்து நடை பழகுகின்றன என்று பார்த்திருப்பாய். குளத்துப் பக்கம் மட்டும் இறக்கிவிடாதே.

"எங்கள் காலத்தில் நடைவண்டி ஓட்டவில்லையா?" என்று உன் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நடைவண்டியும் வாக்கரும் ஒன்றில்லை. நடைவண்டியில் பிள்ளை உள்ளே உட்காருவதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. தன் பாரத்தைத் தன் காலில்தான் சுமக்கிறது. கையை விட்டால் விழுகிறது. மூன்று காலில் உருட்டுகிற சிறுதேர் பட்டினப்பாலையிலேயே வருகிறது. கொள்ளிடம் தாண்டினால் பூம்புகார், அந்த ஊர்ப் பிள்ளைகள் உருட்டியது. அதற்கும் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓட்டியது மண் வாசலில், சக்கரம் முக்கி முனகித்தான் நகரும். உன் வீட்டு வழவழத் தரையில் அது பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அவன் தானாகப் பிடித்து எழுந்து ஓரத்தோடு நடக்கிற வரைக்கும் கொடுக்காதே. கொடுக்கும்போது மேலே ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டு. மொட்டை மாடியில் விடாதே.

எப்போது பயப்பட வேண்டும் என்றும் சொல்கிறேன், பிறகு நானே ஆறுதல் சொல்லி ஏமாற்றினேன் என்று ஆகக் கூடாது. பதினெட்டு மாசம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறான், ஒரு காலை இழுக்கிறான், கால் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, நேற்று செய்ததை இன்று மறந்துவிட்டான் என்றால் தள்ளிப்போடாதே. அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம்தான், குழந்தைகள் பிரிவில் காட்டு. இடுப்பு மூட்டு விலகலோ, வைட்டமின் டி குறைவோ, தைராய்டோ இருந்தால் சீக்கிரம் பார்த்தால் சரி செய்ய வழி உண்டு. அங்கன்வாடியில் கொடுத்த தாய் சேய் அட்டையை எடுத்துப் போ, குறைமாதம் என்பதை நீயாகவே சொல்.

மீதி இருப்பது உன் மாமனார். பாவம், பேரனுக்கு என்று ஆசையாகத் தூக்கி வந்திருக்கிறார். அவரிடம் பெரியம்மா சொன்னாள் என்று சொல்லு, பழி என் மேல் இருக்கட்டும். பில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தில் கிரில் கதவை அவரையே நின்று போடச் சொல். திருப்ப முடியாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி உடைத்துப் போட்டுவிடுங்கள். யாருக்காவது கொடுக்கலாமே என்று மட்டும் நினைக்காதே, அவர்கள் வீட்டிலும் படி இருக்கும்.

நம் வீட்டு நடைவண்டி பரண்மேல் கிடந்ததை இறக்கிவிட்டேன். பூவரச மரம், தாத்தா செய்ய வைத்தது. உன் அம்மா பல் பதிந்த இடம் கைப்பிடியில் இன்னும் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்று ஆடுகிறது, ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பு வைத்துத் தருவதாகச் சொன்னார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நானே வருகிறேன். பையனுக்கு அரைஞாண் இறுக்கமாக இருக்கிறதா பார்த்து வை, புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

பெரியம்மா