நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (கணினி அறிவியல்)

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழங்கப்பட்டுவந்த பாதுகாப்புத் திருத்தங்கள், கூடுதல் திட்டத்தில் சேர்ந்தோர் நீங்கலாக ஏனையோருக்கு நின்றுபோயின. 2015 ஜூலையில் வெளிவந்த தளம் அது. பத்தாண்டுகள் உழைத்துவிட்டது. இதனையொட்டி அலுவலகங்கள், கடைகள், அச்சகங்கள் எனப் பல இடங்களிலும் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். மாறிய மறுநாள் காலை அங்கெல்லாம் எழுந்த கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு.

மாறாமலே இருந்துவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளையே தள்ளிப்போட நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தமோ மார்ச் 14ஆம் நாளே வெளியாகியிருந்தது. அதனை நிறுவாது விட்ட கணிப்பொறிகளே அகப்பட்டன. திருத்தம் வந்தும் நிறுவாதவர் கதி இதுவென்றால், திருத்தமே வராத தளத்தில் இருப்பவர் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாறத்தான் வேண்டும். மாறியபின் வரும் தொல்லைகளை எவ்வாறு அணுகுவது என்பதையே இங்கு ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நிற்பது. 'இந்தக் கோப்பைத் திற', 'இவ்வளவு நினைவகம் தா' என்று நிரல் கேட்கிறது. தளம் செய்து தருகிறது. இதனை வீட்டுக்காரர், குடியிருப்பவர் உறவோடு ஒப்பிடலாம். வாடகைச் சீட்டில் எழுதிய உரிமைகள் சில. எழுதாமல் பழக்கத்தில் அனுபவித்தவை பல: திண்ணையில் சைக்கிள் நிறுத்துவது, கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போன்றவை. வீடு கைமாறினால் சீட்டில் உள்ளது நிற்கும்; பழக்கத்தில் இருந்தது போய்விடும். குடியிருப்பவர் வழக்கம்போல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், திண்ணையைக் காணோம்! அவரிடத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இயங்குதளம் மாறியபின் நின்றுபோகும் நிரல்களுள் பெரும்பாலானவற்றின் கதை இதுவே என்பது என் கருத்து. நிரல் கெடவில்லை. அது சாய்ந்திருந்த ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 'சிம்சிட்டி' என்பது நகரம் அமைக்கும் விளையாட்டு. அந்நிரல் நினைவகத்தின் ஒரு பகுதியைத் 'திருப்பித் தந்துவிட்டேன்' என்று தளத்திடம் சொல்லிவிட்டு, உடனே அதே பகுதியைப் படித்துப் பார்த்தது. இது பிழைதான். ஆனால் பழைய விண்டோஸ் அந்த இடத்தை உடனே வேறொருவருக்குக் கொடுக்காததால் பிழை வெளியே தெரியவில்லை. 1995இல் விண்டோஸ் 95 உருவானபோது விளையாட்டு நின்றுபோயிற்று. அதனை உருவாக்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் நினைவகத்தை உடனே விடுவிக்காதிருக்கும் ஏற்பாட்டைத் தளத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்பவர் 2004இல் எழுதிய கட்டுரையில் இச்செய்தி வருகிறது. குடியிருப்பவருக்காக வீட்டுக்காரர் திண்ணை கட்டிக் கொடுத்த கதை! ஆனால் நம் ஊர்க் கடைக்கு யாரோ எழுதித் தந்த பில் நிரலுக்காக எவரும் திண்ணை கட்டித் தரமாட்டார்கள்.

இன்னொரு வகையைப் பார்ப்போம். 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிற்கு முன்பு, பெரும்பாலோர் தம் கணிப்பொறியில் முழு அதிகாரத்துடனேயே வேலை செய்தார்கள். அதனால் நிரல்களும் தாம் நிறுவப்பட்ட அடைவிலேயே அமைப்புக் குறிப்புகளையும் கணக்குகளையும் எழுதிவைத்தன. விஸ்டா அதனைத் தடுத்தது. ஆனாலும் பழைய நிரல்கள் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு தந்திரம் செய்தது. நிரல் அங்கே எழுத முயன்றால், பயனருக்கென்றே உள்ள மறைவான வேறோர் அடைவில் எழுதிவிட்டு, 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும். இது நல்லெண்ணத்தில் செய்ததுதான். எனினும் ஒரே கணிப்பொறியில் இருவர் தத்தம் பெயரில் நுழைந்தால் இருவருக்கும் தனித்தனிப் பிரதி! ஒருவர் போட்ட பதிவு மற்றவருக்குத் தெரியாது. பழைய நிரலை அதற்குரிய பொது அடைவில் நிறுவாமல், தனியே ஓர் அடைவை உண்டாக்கி அதில் நிறுவினால் பெரும்பாலும் இத்தொல்லை தீரும்.

மூன்றாவது வகைக்கு இவ்வளவு எளிய மருந்து இல்லை. 1978இல் வந்த இன்டெல் 8086 சில்லு 16 பிட் அளவில் வேலை செய்தது. டாஸ் காலத்து நிரல்கள் அதற்காக எழுதப்பட்டவை. 1985இல் வந்த 80386 சில்லு, அந்தப் பழைய சில்லைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு முறையையும் தன்னுள் வைத்திருந்தது. 32 பிட் விண்டோஸ் அம்முறையைக் கொண்டுதான் டாஸ் நிரல்களை ஓட்டியது. 2003 முதல் சந்தைக்கு வந்த 64 பிட் சில்லுகள், 64 பிட் தளத்தை ஓட்டும் நிலையில் இருக்கும்போது அந்த முறையைத் தருவதில்லை. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே டாஸ் நிரல் அதில் நேராக ஓடாது. எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடாது. இதை அறியாமல் நாள் முழுதும் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பாவம்!

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் மட்டும் கற்கவில்லை. என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர்; எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியது என்னில்தான் தொடக்கம். மாலை நேரங்களில் எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் ஆகியவையே அங்கு முக்கிய வேலை. அச்சகத்தின் பழைய கணிப்பொறியில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லை. ஆகவே முதலாளி புதிய கணிப்பொறி வாங்கினார். வந்த முதல் நாளே மூன்று நோய்கள் தெரிந்தன. டாஸில் எழுதிய பில் நிரல் திறக்கவில்லை. புள்ளி அச்சுப்பொறியைச் செருக 25 ஊசித் துளை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ் தட்டச்சு மென்பொருள் கிளம்பவில்லை.

மூன்றாவதுதான் பெரிய நோய். ஏனெனில் அதில் ஒருவருடைய பிழைப்பு இருந்தது. அங்கு எழுத்துக் கோக்கும் அக்கா தட்டச்சில் தமிழ் ஹையர் தேறியவர். பல ஆண்டுகளாகப் பழைய தட்டச்சு விசைப்பலகையிலேயே அடிப்பவர்; திரையைக்கூடப் பார்க்கமாட்டார், கையெழுத்துப் படியையே பார்ப்பார். "செல்போனில் அடிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்க ஒரு பையனைப் போட்டுவிடலாம், அக்கா பைண்டிங் பக்கம் போகட்டும்" என்று முதலாளி பேசத் தொடங்கினார். பைண்டிங்கில் கூலி குறைவு. அக்கா என்னிடம், "தம்பி, நான் மறந்துபோகவில்லை, மிஷின்தானே மறந்துபோச்சு?" என்று கேட்டார். இதைவிடச் சரியாக நோயை யாரும் சொல்ல முடியாது.

முதலில் தட்டச்சு மென்பொருள் எதன்மேல் சாய்ந்திருந்தது என்று பார்த்தேன். அது திறக்கும்போதெல்லாம் அச்சுப்பொறித் துளையில் மாட்டியிருந்த 'லாக்' என்னும் சிறு பெட்டியைத் தேடும். திருட்டுப் பிரதியைத் தடுக்க அக்காலத்தில் வைத்த பூட்டு அது. புதிய பொறியில் துளையும் இல்லை. பூட்டோடு பேசும் 32 பிட் இயக்கியை 64 பிட் தளம் ஏற்பதுமில்லை. விற்றவர்கள் கடையை மூடி நாளாயிற்று. ஆக, இந்தக் கதவு அடைபட்டது என்று தெளிந்தேன். அடைபட்டது என்று தெளிவதும் ஒரு லாபமே. அதன்பின் அங்கே நேரம் வீணாவதில்லை.

இங்கே தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். பழைய எழுத்துருக்களில் தமிழ் என்ற ஒன்றே கணிப்பொறிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் குறியெண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியெண் வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. தமிழுக்கென்று தனி இடம் 1991 முதலே யூனிகோடில் இருந்தது; 2010இல் தமிழக அரசும் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. அச்சகங்கள் மட்டும் பழையதிலேயே இருந்துவிட்டன. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்கு யூனிகோடுத் தமிழ் தெரியாததே இதற்குக் காரணம்.

விசை, குறியெண், வடிவம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பழைய மென்பொருள் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தால், குறியெண்ணையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டு விசையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'இ-கலப்பை' என்னும் விலையில்லா மென்பொருள் யூனிகோடில் அடிக்கத் தமிழ்99 முதலியவற்றோடு பழைய தட்டச்சு விசைப்பலகையையும் தருகிறது. அதனை நிறுவி, ஸ்கிரைபஸ் என்னும் கட்டணமற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையும் நிறுவினோம். தட்டச்சில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடு உள்ளே ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. விசைப்பலகை மென்பொருள் இந்த இடமாற்றத்தைத் தானே செய்துகொள்வதால் அக்காவின் விரல்கள் பழைய வழியிலேயே போயின. சில குறியீடுகள் மட்டும் இடம் மாறியிருந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதித் திரையோரம் ஒட்டினோம். பையனைப் போடும் பேச்சு அந்த வாரமே நின்றது.

பில் நிரலுக்கு நான் வேறு முடிவு செய்தேன். 'டாஸ்பாக்ஸ்' என்ற நிரல் பழைய கணிப்பொறியையே மென்பொருளால் நடித்துக்காட்டும். அதனுள் டாஸ் நிரல் ஓடும். ஆனால் அதனை ஆக்கியவர்கள் விளையாட்டுகளுக்காகவே ஆக்கினார்கள். பணக் கணக்கை அதில் தொடர்ந்து எழுதுவதை நான் விரும்பவில்லை. பழைய கணக்கைப் பார்க்க மட்டும் அதனை வைத்துக்கொண்டோம். கணக்குக் கோப்புகள் டிபிஎஃப் வகை. அவை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் அப்படியே திறந்தன. புதிய பில்கள் இப்போது அதில்தான். அச்சுப்பொறிக்கு யூஎஸ்பியிலிருந்து 25 ஊசிக்கு மாற்றும் கேபிள் ஒன்று போதுமானதாயிற்று.

வேலைக்குப் போகும் நண்பர்களுக்கு இரண்டொரு செய்தி. மாறுவதற்கு முன் நிரல்களின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது 16 பிட்டா, 32 பிட்டா, எங்கே எழுதுகிறது, எந்தத் துளையில் எதை மாட்டியிருக்கிறது, உண்டாக்கியவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று குறியுங்கள். நிரலைவிடத் தரவு முக்கியம். அதனை முதலில் வேறு தட்டில் பிரதி எடுங்கள். இருக்கும் கணிப்பொறியிலேயே விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தியிருந்தால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்ப வழியுண்டு. அதன்பின் பழைய கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். ஆகவே எல்லா நிரல்களையும் அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறையேனும் ஓட்டிப் பாருங்கள், ஆண்டிறுதியில் மட்டும் திறக்கும் நிரல் உட்பட. பிழைச் செய்தி வந்தால் உடனே மூடிவிடாமல் எழுத்துக்கெழுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் காணாமற்போன தூணின் பெயர் இருக்கும்.

அச்சகத்தில் இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. பழைய எழுத்துருவில் கிடக்கும் பத்திரிகைக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் ஔகாரத்தில் தடுமாறுகின்றன. பழைய எழுத்துருவில் 'கௌ' என்பதும் கொம்பு, ககரம், ளகரம்தான். 'கெள' என்பதும் அதேதான். பெண்ணின் பெயர் கௌரியா, கெளரியா என்று மாற்றிக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே வெவ்வேறு; பின்னர் தேடினால் கிடைக்காது. கௌரி, சௌந்தரம், பௌர்ணமி என்று சந்தேகம் வரும் சொற்களை அக்கா ஒரு நோட்டில் எழுதிவருகிறார். நான் மாலையில் சென்றதும் அவற்றைக் கோப்புகளில் தேடித் திருத்துகிறேன். இப்போது மூன்றாம் பக்கம் நடக்கிறது.