சோப்பைக் கீழே வையுங்கள்

கேள்வி: அரிப்பும் வெள்ளைபடுதலும் அடிக்கடி வருகின்றன. தினமும் மூன்று வேளை சோப்பு போட்டுக் கழுவியும் நிற்கவில்லை. சுத்தம் போதவில்லையா? — வாசகி, திருச்சி

பதில்: சுத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது! உங்கள் தொல்லைக்குக் காரணமாக இருக்கக்கூடிய கேண்டிடா என்கிற பூஞ்சை வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல. பல பெண்களின் உடலில் சாதுவாகக் குடியிருப்பதுதான். அதை அடக்கி வைப்பவை அங்கேயே வாழும் நல்ல பாக்டீரியாக்கள். சளிக்காக விழுங்கிய ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கர்ப்பகாலமும், கட்டுப்படாத சர்க்கரையும் அதற்குத் தோதானவை. சோப்பு பூஞ்சையைக் கொல்வதில்லை, தோலை எரியவைத்து அரிப்பைத்தான் கூட்டுகிறது. அப்படியானால் கழுவவே வேண்டாமா? வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பருத்தி உள்ளாடை அணியுங்கள், வியர்வையில் நனைந்ததை உடனே மாற்றுங்கள்.

மருந்துக் கடையில் கிரீம் வாங்கிப் பூசினால் போதாதா என்பீர்கள். திரிந்த பால் போல, வாடையில்லாமல் வெள்ளை பட்டால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் வாடை அடித்தால் அது வேறு தொற்று, அந்தக் கிரீம் கேட்காது. எனவே ஒருமுறை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.