நாரா, நீரா?

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பதியில் மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அதில் விளக்கு கட்டி லெட்யூஸும் இத்தாலியத் துளசியும் வளர்க்கப் பார்க்கிறேன், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்துகளில் வளர்ப்பதா, ஹைட்ரோபோனிக்ஸ் குழாயில் வளர்ப்பதா என்று கேட்டிருக்கிறாய். சித்தூர், பலமனேர், புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்பதால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாரில் தொடங்கு. காரணங்களைப் படித்த பிறகும் உனக்கு ஒப்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை.

விற்பனைக்காரர்கள் உன்னிடம் பேசுவது விளைச்சலைப் பற்றி. அதை ஓரமாக வை. இரண்டு முறையிலும் செடிக்குச் சாப்பாடு தண்ணீரில் கரைந்துதான் போகிறது. கோகோபீட்டில் சொல்லிக்கொள்ளும்படி சத்து கிடையாது. வேர் பிடித்து நிற்க இடமும், ஈரமும், காற்றும் தருவதோடு அதன் வேலை முடிந்தது. 1930களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கெரிக் என்பவர் தண்ணீர்த் தொட்டியில் ஆளுயரத்துக்கு மேல் தக்காளி வளர்த்துக் காட்டினார். இனி மண் எதற்கு என்று பத்திரிகைகள் எழுதின. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல மண்ணில் கிடைப்பதைவிடத் தண்ணீரில் அதிகமாக ஒன்றும் கிடைத்துவிடாது என்று 1938இல் எழுதினார்கள். ஹோக்லண்ட் பெயரில் உள்ள கரைசலை உலகம் முழுக்க இன்றும் கலக்குகிறார்கள். அவர் சொன்ன இந்தச் செய்தியை மட்டும் விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

ஆகவே நீ கேட்க வேண்டியது வேறு: ஒரு தவறு நடந்தால் செடி எத்தனை மணி நேரம் தாங்கும்?

குழாய் முறையில் வேருக்கு அடியில் ஓடுவது சில மில்லிமீட்டர் தண்ணீர். சித்திரை மத்தியானம் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கைவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் இலை துவள ஆரம்பிக்கும். பம்ப்பில் ஒரு துரும்பு அடைத்தாலும் அதே கதிதான். கோகோபீட் தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் ஒருமுறை ஈரமாக்கிய பையில் உள்ள செடி, நீ சித்தூர் போய் அக்கா வீட்டில் சாப்பிட்டுத் திரும்பும்வரை காத்திருக்கும்.

இன்னொன்று வெப்பம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேரோ சூடு ஏற ஏற அதிகமாக மூச்சு விடும். தேவை கூடி, வரத்து குறையும் அந்த இடைவெளியில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் நுழைகிறது. திருப்பதியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் எத்தனை என்று உனக்கே தெரியும். மாடித் தொட்டித் தண்ணீரில் அந்த மாதங்களில் கையை வைத்துப் பார். அதைக் குளிர்விக்கச் சில்லர் வாங்கலாம். வாங்கினால் நீ கீரை வளர்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குளிர வைக்கும் தொழிலுக்குப் போய்விட்டாய் என்று அர்த்தம்.

பலமனேரும் குப்பமும் மதனப்பள்ளியும் கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் இருப்பவை. அங்கே ஐப்பசி முதல் மாசி வரை குழாய் முறையில் லெட்யூஸ் நன்றாகவே வரும். உன் மாடி அங்கே இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி நம் தண்ணீர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள்; மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. பாறைக்கு அடியில் இருக்கும் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஆயிரம் அடி போர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் பைகார்பனேட்டும் சுமந்து வரும். பைகார்பனேட் இருந்தால் கரைசலின் பி.எச். மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஏழைத் தாண்டினால் இரும்புச் சத்து கரைசலில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் உரம் போடத் தோன்றும். போடாதே. பி.எச்.சைப் பார்.

கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன், அதாவது இ.சி., லெட்யூஸுக்கு 1.2 முதல் 1.8 வரை போதும். உன் போர்த் தண்ணீரே 1.0 காட்டினால் உரத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? சுற்றிச் சுற்றி வரும் குழாய்த் தண்ணீரில், செடி குடிக்காத சோடியம் நாளுக்கு நாள் தங்கிச் சேரும். கடைசியில் தொட்டியையே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். நாரில் இதற்கு எளிய வழி உண்டு. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு பைக்கு அடியில் வடியும்படி ஊற்றினால் உப்பு அதோடு வெளியேறும். வடிந்த தண்ணீரின் இ.சி.யை ஊற்றியதன் இ.சி.யோடு ஒப்பிட்டு வாரம் ஒருமுறை எழுதி வை. வடிகால் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் கீழே உள்ள மாமரத்துக்கு விடு.

இதற்கெல்லாம் மேலான வழி உன் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டர் இறங்கும். திருப்பதிக்கு வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. 2021 நவம்பரில் ஊரே மிதந்ததை நீ பார்த்தவன். மழைத் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. சிறிய பண்ணைக்கு ஆர்.ஓ. எந்திரத்தைவிடக் கறுப்புத் தொட்டி ஒன்று மலிவு.

நாரை நான் உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்காதே. நாரிலும் ஏமாற இடம் உண்டு, அதுவும் வாங்கும் இடத்திலேயே. பொள்ளாச்சியிலிருந்தோ கர்நாடகத்துத் திப்டூர் பக்கத்திலிருந்தோ வரும் ஐந்து கிலோ கட்டி எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் அதிகம். உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் சோடியம் இன்னும் கூடுதல். இந்த இரண்டும் நார்த்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீ ஊற்றும் கரைசலில் உள்ள கால்சியத்தை நார் தனக்கு வாங்கிக்கொண்டு இவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போகாது. லெட்யூஸில் உள்ளிலை ஓரம் கருகும், தக்காளியில் காயின் அடி கறுக்கும். பார்ப்பவர்கள் பூஞ்சை என்று மருந்து அடிப்பார்கள்.

எனவே கட்டியை நல்ல தண்ணீரில் உடைத்து, அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலசு. பிழிந்த தண்ணீரில் இ.சி. 0.5க்குக் கீழே வந்த பிறகே செடி வை. கழுவிப் பதப்படுத்தியது என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் மீட்டரை விட்டுப் பார்த்துவிடு. ஒரு நல்ல இ.சி. மீட்டரும் பி.எச். மீட்டரும் வாங்கும்வரை விளக்கு வாங்காதே. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது, ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைப்பது. அது வயலுக்கு அருமையான எரு. உன் பைக்கு அது வேண்டாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், நுண்ணுயிர் விட்டு நொதிக்க வைத்த கோகோபீட்டையும், கோகோபீட்டில் காய்கறி வளர்க்க என்றே அர்கா சஸ்ய போஷக் ரஸ் என்ற கரைசலையும் உருவாக்கியிருக்கிறது. முதல் முயற்சிக்கு அவற்றையே வாங்கிப் பயன்படுத்தலாம். சொந்தக் கலவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உரக்கடையில் 19:19:19 எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அதில் தழைச்சத்தின் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கிறது, கால்சியம் கொஞ்சமும் இல்லை. சுத்தமான குழாய்த் தண்ணீரில் யூரியாவை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருக்காது. நாரில் கொஞ்சமாவது இருக்கும், அதனால் அங்கே பிழைத்துக்கொள்ளும். எதுவானாலும் கால்சியம் நைட்ரேட்டைத் தனி டப்பாவில் கரை. மெக்னீசியம் சல்பேட், பாஸ்பேட் அடர்கரைசலோடு சேர்த்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். காசு அந்த மண்டியில் போய்விடும்.

இந்த நார் விஷயத்தில் உனக்கு வாத்தியார்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பலமனேர், மதனப்பள்ளி வழியில் நிழல்வலை போட்ட நாற்றுப் பண்ணைகளைப் பார்த்திருப்பாய். தொண்ணூற்றெட்டுக் குழித்தட்டில் கோகோபீட் நிரப்பி, தக்காளி நாற்று லட்சக்கணக்கில் விடுகிறார்கள். கட்டியைக் கையில் பிழிந்து ஈரம் சொல்லும் அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு பண்ணையில் பத்து நாள் கூலி வாங்காமல் வேலை செய். வேளாண் கல்லூரியில் மூன்று பருவம் படித்ததைவிட அங்கே நார் பிடிபடும் என்று சொன்னால் உன் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இந்த நாட்டில் மண்ணில்லா வளர்ப்பு தொடங்கியதும் ஏதோ ஒரு பிடிமானத்தோடுதான். ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946இல் கலிம்போங்கில் வங்காள முறை என்று ஒன்றை உருவாக்கினார். சரளையும் மணலும் நிரப்பிய தொட்டி, கையால் ஊற்றும் உரம், பம்ப்பும் கிடையாது, மின்சாரமும் வேண்டாம். குப்பத்தில் 1990களின் இறுதியில் இஸ்ரேல் முறையில் செயல்விளக்கப் பண்ணை போட்டபோது அதன் செலவைப் பற்றி நடந்த வாக்குவாதம் உன் அப்பாவுக்கு நினைவிருக்கும். நம் விவசாயிகள் கடைசியில் எடுத்துக்கொண்டது சொட்டுநீர்க் குழாயை. 2003இல் மாநில நுண்ணீர்ப் பாசனத் திட்டம் வந்த பிறகு அது மாந்தோப்பு வரைக்கும் போயிற்று. தாங்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் புத்தி இந்த ஊருக்கு உண்டு.

விளக்குக் கணக்கை நீ எழுதவே இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டர் லெட்யூஸுக்கு நல்ல எல்.இ.டி. என்றாலும் எண்பது வாட் வேண்டும். நாளைக்குப் பதினாறு மணி நேரம், முப்பத்தைந்து நாள்: 45 யூனிட். அதில் இருபத்தைந்து செடி, செடிக்கு 150 கிராம் என்றால் மூன்றே முக்கால் கிலோ. கிலோவுக்குப் பன்னிரண்டு யூனிட் விளக்குக்கு மட்டும் போகிறது. விளக்கின் சூட்டை வெளியேற்ற ஏ.சி.க்கு ஆகும் செலவு தனி. ஊட்டியிலும் ஓசூரிலும் வெயில் இலவசமாக விழுந்து வளர்ந்த லெட்யூஸோடு இதை வைத்து நீ சென்னையில் போட்டி போட வேண்டும். நாரில் வளர்த்தாலும் நீரில் வளர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் அறைக்குள் லெட்யூஸ் வேண்டாம். அந்த அறையில் பத்து நாளில் அறுக்கும் மைக்ரோகிரீன்ஸ் செய். மெல்லிய நார்ப்படுக்கையும் கொஞ்சம் வெளிச்சமும் போதும். இத்தாலியத் துளசியின் நாற்றையும் அங்கேயே விடு. வளர்ந்த செடி மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே பையில் நிற்கட்டும்.

தக்காளி ஆசை வந்தால் மதனப்பள்ளிச் சந்தையை நினைத்துக்கொள். 2023 ஜூலையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டிய பழத்தைச் செப்டம்பரில் சீந்துவார் இல்லை. மண்ணில் விளைவிப்பவனையே புரட்டிப்போடும் சந்தையில் பை, கரைசல் செலவோடு நீ நிற்க முடியாது. திருப்பதிக்கு நாளும் வந்து போகும் அறுபது எழுபதாயிரம் பேரை நம்பவும் வேண்டாம். அவர்கள் புளியோதரை சாப்பிட வருகிறவர்கள், சாலட் கேட்பவர்கள் அல்ல. வாங்கப்போகும் ஓட்டல்களை விரல்விட்டு எண்ணி, வாரத்துக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்கிய பிறகு விதை போடு.

நீரைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. நாரில் ஒரு கோடையைக் கடந்து, தொட்டியில் மழைநீர் நிறைந்து, வாங்க ஆள் நிலையாக இருந்தால், கார்த்திகையில் ஒரு மிதவைத் தொட்டி போடு. குழாயைவிட மிதவை நல்லது. பம்ப் நின்றாலும் வேர் தண்ணீரிலேயே இருக்கும், காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரை இன்வெர்ட்டர் தாங்கும். பங்குனியில் அதைக் காலி செய்துவிடு.

அதுவரை ஒரு வேலை. உன் போர்த் தண்ணீரை ஒரு லிட்டர் புட்டியில் பிடித்துச் சோதனைக் கூடத்தில் கொடு. இ.சி., பி.எச்., பைகார்பனேட், சோடியம் நான்கும் போட்ட தாளை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு. பை எத்தனை வாங்குவது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்