பாடம் 4: கப்பலில் ஊர் திரும்புவோருக்கு

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல்வழித் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். பயணிகள் கப்பல் அதைச் சுமார் நான்கு மணித்தியாலத்தில் கடக்கும். யாழ்ப்பாணப் பக்கம் ஊர் உள்ள குடும்பங்களுக்கு இது கிட்டிய வழி. ஆனால் கப்பலின் திகதியை மட்டும் நம்பி முகாம் வீட்டை ஒழித்துவிடாதீர்கள்.

கப்பல் ஏன் நின்றுபோகிறது?

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் தொடங்கியது. அந்த ஒக்டோபரில் 37 அகதிகள் அதில் நாடு திரும்பினார்கள். அடுத்த மாதமே சேவை நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் மழைக்காலத்தால் நின்றது. 2024 ஓகஸ்டில் ஒரு தனியார் நிறுவனம் மீண்டும் ஓட்டியது. மாரியில் நிறுத்தி, 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியது.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயலும் பாக்கு நீரிணையைக் கொந்தளிக்க வைக்கும். அக்காலத்தில் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். மற்ற மாதங்களிலும் புறப்படும் முன் நிறுவனத்திடம் விசாரித்து உறுதிசெய்யுங்கள்.

முதலில் பத்திரம், பிறகு சீட்டு

1. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். கப்பல் நிறுவனம் அப்பத்திரத்தை ஏற்குமா என்று சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள்.

2. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் பிரஜாவுரிமையையும் அங்கேயே பதிவுசெய்யுங்கள். இதை விட்டுவிட்டால், ஊரில் அடையாள அட்டை எடுக்கும்போது பிள்ளை அலைய நேரிடும்.

3. இந்திய அரசின் வெளியேறும் அனுமதி வேண்டும். முகாம் அலுவலர் வழியாக விண்ணப்பியுங்கள்.

4. எல்லாப் பத்திரங்களிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் உதவியோடு திரும்பிய குடும்பங்களுக்கு விமானச் சீட்டும் கிடைத்திருக்கிறது. சொந்தக் காசில் கப்பல் சீட்டு வாங்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

பொதிகள்

தையல் இயந்திரம், பாத்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் என்று கொண்டுவர ஆசைதான். இலவசமாக ஏற்றும் நிறை அளவு அவ்வப்போது மாறும். அன்றைய அளவையும், மேலதிகக் கிலோவுக்கான கட்டணத்தையும் கேட்டறிந்த பிறகே எதை விற்பது, எதைக் கட்டுவது என்று முடிவெடுங்கள். பத்திரங்களையும் பாடசாலைச் சான்றிதழ்களையும் மருந்தையும் நனையாத பையில் இட்டுக் கையிலேயே வைத்திருங்கள்.

கப்பல் தாமதித்தால் சிலர் கள்ளப் படகைக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஏறாதீர்கள். உயிருக்கும் ஆபத்து; சட்டவழியில் வந்தவர் என்பதற்கான சான்றும் உங்கள் கையில் இருக்காது.

குடும்பமாகப் பேசுங்கள்

• நம்மில் யாருடைய பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை?
• கப்பல் இரண்டு வாரம் பிந்தினால் எங்கே தங்குவோம், செலவுக்கு என்ன செய்வோம்?
• காங்கேசன்துறையில் நம்மைக் கூட்டிப்போக யார் வருவார்?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு சீட்டை வாங்குங்கள்.