மது வேட்கையும் உடலில் அணியும் உணர்கருவிகளும்

குடிநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு உடல் நடுக்கம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடுகிறது. மருத்துவமனையில் மது கிடைப்பதில்லை. மருத்துவரும் செவிலியரும் அருகில் இருக்கின்றனர். வீடு திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. பழைய நண்பர், கூலி கைக்கு வரும் மாலை, வழியிலுள்ள கடை, வீட்டில் எழும் ஒரு சச்சரவு ஆகிய ஒவ்வொன்றும் மது வேட்கையைத் தூண்டவல்லது. மது, புகையிலை, ஹெராயின் ஆகியவற்றை விட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மூன்று மாதங்களுக்குள் பழைய பழக்கத்திற்குத் திரும்பினர் எனக் காட்டியது. இவ்வாறு திரும்புதலையே மறுவீழ்ச்சி என்கிறோம்.

இந்தியாவில் இப்பிரச்சினையின் அளவு பெரிது. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. அதன்படி 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். இவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவினால் விளைந்த தீங்கிற்கு உதவி தேவைப்படுகிறது; ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுவிற்கு அடிமைப்பட்டவர்கள். ஆனால் அவ்வாறு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். மருத்துவரும் ஆலோசகரும் இவ்வளவு குறைவாக உள்ள நாட்டில், நோயாளி தனித்திருக்கும் வேளையில் அவருக்குத் துணைநிற்கக் கருவி ஏதேனும் உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பே.

நிகழ்ந்ததை அறியும் கருவி

இத்துறைக் கருவிகள் இருவகைப்படும். முதல் வகை, ஒருவர் மது அருந்திவிட்டதைக் கண்டறிவது. அருந்திய மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. சுமார் ஒரு சதவீதம் மட்டும் தோலின் வழியே ஆவியாகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. மணிக்கட்டில் அல்லது கணுக்காலில் அணியும் கருவியிலுள்ள மின்முனையில் இவ்வாவி படும்போது வேதிமாற்றம் நிகழ்ந்து சிறு மின்னோட்டம் உண்டாகிறது. மின்னோட்டத்தின் அளவு மதுவின் அளவைக் காட்டுகிறது.

அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம், மணிக்கட்டில் அணியத்தக்க சிறிய கருவி ஒன்றை உருவாக்குவோருக்குப் போட்டி வைத்து, 2016-இல் இரண்டு இலட்சம் டாலர் முதற்பரிசு வழங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் மது தொடர்பான குற்றம் புரிந்தோரின் கணுக்காலில் இத்தகைய கருவியைப் பொருத்தி, 120 நாட்கள் வரை கண்காணிக்க நீதிமன்றங்கள் ஆணையிடலாம். இம்முறை வேல்சில் 2020-இலும், இங்கிலாந்தில் 2021-இலும் நடைமுறைக்கு வந்தது.

இவ்வகைக் கருவிக்குக் குறைகளும் உண்டு. மது தோலை அடையக் காலம் பிடிப்பதால், இரத்தத்தில் அது உச்சநிலை அடைந்து வெகுநேரம் கழித்தே கருவி அதனைக் காட்டக்கூடும். கை கழுவும் கிருமிநாசினியும் நறுமணத் தைலமும் கருவியை ஏமாற்றலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, முதற்குவளை அருந்திய பின்னரே அது பேசத் தொடங்குகிறது.

வருவதை முன்னறியும் முயற்சி

இரண்டாம் வகை, வேட்கை எழும்போதே அதனை அறிய முயல்வது. வேட்கை மனத்தில் எழுவதாயினும் உடலிலும் அதன் தடம் தெரிகிறது. தன்னியக்க நரம்பு மண்டலம் கிளர்ச்சியுறும்போது நாடி விரைவுபடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியில் காணப்படும் இயல்பான சிறு வேறுபாடு குறைகிறது. நுண்ணிய வியர்வையினால் தோலின் மின்கடத்தும் திறன் உயர்கிறது. மணிக்கட்டுக் கருவி தோலில் ஒளியைப் பாய்ச்சி நாடியையும், இரு மின்முனைகளால் தோலின் கடத்துதிறனையும் அளக்கிறது. நோயாளி தமக்கு வேட்கை எழுந்த நேரங்களைக் கைப்பேசியில் குறித்து வருவார். அக்குறிப்புகளையும் அளவீடுகளையும் ஒப்பிட்டு, எந்த மாற்றங்கள் வேட்கையோடு சேர்ந்து வருகின்றன எனக் கணினி கற்றுக்கொள்கிறது.

இதில் உள்ள இடர்ப்பாட்டை எளிதில் உணரலாம். கருவி அளப்பது உடற்கிளர்ச்சியை, வேட்கையை அன்று. கோபம், அச்சம், மகிழ்ச்சி, மாடிப்படி ஏறுதல், ஒரு குவளை காப்பி ஆகிய யாவும் நாடியை விரைவுபடுத்தும். நண்பகல் வெயிலில் செங்கல் சுமக்கும் தொழிலாளியின் தோல் நாள் முழுதும் வியர்வையில் நனைந்திருக்கும். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் தேர்ச்சி பெற்ற கருவி அவரிடம் தவறக்கூடும்.

ஒரு கணக்கு

மாணவர் மனங்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஒருவர் 100 மணி நேரம் கருவியை அணிந்திருக்கிறார் என்றும், அதில் 5 மணிகளில் மட்டும் அவருக்கு வேட்கை எழுகிறது என்றும் கொள்வோம். கருவி 80 சதவீதம் சரியாகக் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். வேட்கை எழுந்த 5 மணிகளில் 4-ஐ அது கண்டறியும். ஆனால் வேட்கையற்ற 95 மணிகளில் 20 சதவீதமாகிய 19 மணிகளிலும் அது தவறாக எச்சரிக்கும். ஆக, 23 எச்சரிக்கைகளில் 4 மட்டுமே மெய்யானவை. அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் மணியை மனிதர் விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவர். 80 சதவீதம் என்ற ஓர் எண்ணை மட்டும் கண்டு கருவியைக் கொள்முதல் செய்ய முனையும் அலுவலர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

எச்சரிக்கைக்குப் பின் யார்?

எச்சரிக்கை சரியானதாகவே இருந்தாலும், அதற்குப் பின் என்ன நிகழ்கிறது என்பதே முக்கியமானது. அமெரிக்காவில் சிகிச்சை இல்லங்களிலிருந்து வெளியேறிய 349 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்புடன் கைப்பேசிச் செயலி ஒன்றும் தரப்பட்டது. அவர் முன்பு மது அருந்திய இடத்தை நெருங்கினால் அது எச்சரிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் உதவுவோருடன் இணைக்கும். இவர்கள் முந்தைய 30 நாட்களில் அபாயகரமாகக் குடித்த நாட்கள் சராசரியாக 1.39, செயலி பெறாதோருக்கு 2.75. இங்கு உடலில் உணர்கருவி எதுவும் பொருத்தப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

நம் நாட்டின் கோவா மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தீங்கு விளைக்கும் அளவில் குடிக்கும் ஆடவருடன் சில அமர்வுகள் உரையாடினர். மூன்று மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, முந்தைய 14 நாட்களில் மதுவைத் தொடாதிருந்தோர் ஆலோசனை பெற்றோரில் 42 சதவீதம். மற்றவருள் 18 சதவீதம். ஆகவே, கருவியின் எச்சரிக்கை இத்தகைய ஆலோசகரின் செவிக்கு எட்டுமாயின் அது பயன்படும். எவரும் எடுக்காத தொலைபேசியில் ஒலிக்குமாயின் பயனில்லை.

சிகிச்சையா, கண்காணிப்பா?

நோயாளியின் வேட்கையை அறியும் கருவி, அவரது உள்ளத்தின் நலிவை வெளிப்படுத்தும் கருவியும் ஆகும். அத்தகவல் முதலாளியின் கைக்குச் சென்றால் வேலை போகலாம். காவல்துறையிடம் சென்றால் நோயாளி குற்றவாளியாகப் பார்க்கப்படலாம். வேட்கை எழுதல் குற்றமன்று. அதனை எதிர்த்து நிற்கும் மனிதரே அதனை மிகுதியாக உணர்கிறார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுப்பழக்கத்தைச் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டு, நோயாளியின் தகவல்களைக் காக்கும் உரிமையை வழங்குகிறது. இவ்வுரிமை உணர்கருவித் தகவலுக்கும் பொருந்தும் எனக் கொள்வதே முறை. கருவியை அணிவதும் கழற்றுவதும் நோயாளியின் விருப்பமாக இருத்தல் வேண்டும். எச்சரிக்கை யாருக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அவரே தெரிவு செய்தல் வேண்டும்.

வேட்கை அலையைப் போன்றது. எழுந்து, உச்சம் அடைந்து, தானே தணியும். அந்தச் சிறு நேரத்தைக் கடக்க உதவுவதே சிகிச்சையின் நோக்கம். அந்நேரம் வந்துவிட்டது என்று சொல்லக் கருவி உதவலாம். ஆனால் அதனைக் கடக்கத் துணைவருபவர் மனிதரே. எனவே, கருவிக்கு நிதி ஒதுக்கும் திட்டம் எதுவும் ஆலோசகரின் ஊதியத்திற்கும் பயிற்சிக்கும் முதலில் இடம் ஒதுக்குதல் இன்றியமையாதது.