ஒரு பையின் எடை: வகுப்பறையில் ஒரு சட்டப் பாடம்

போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்து முடித்த அன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், பையில என்ன இருக்குன்னு தெரியாமத் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவாங்க?"

உறுதிமொழியில் அதற்கு விடை இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகளும் கேரளத்துக்குச் செல்லும் நம் பகுதியில், அது வெறும் ஆர்வக் கேள்வியும் அல்ல. அடுத்த பாடவேளையைச் சட்டத்துக்கே ஒதுக்கினேன்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. கஞ்சாவுக்கான தண்டனையை அது எடையைப் பார்த்தே பிரிக்கிறது. 1 கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டுகள் வரை சிறை. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள். 20 ஆண்டுகள் வரை போகலாம். ஜாமீனும் எளிதில் கிடைக்காது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வகுப்பு அமைதியானது.

"தெரியாது" என்று சொன்னால்? பொருள் அவர் வசம் இருந்தது நிரூபணமானால், தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே. கூலியாக 500 ரூபாய் வாங்கினாரா, 5,000 வாங்கினாரா என்பது பிரிவை மாற்றாது.

பதினெட்டு வயது நிறையாதவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவார். சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகள். ஆனால் 16 வயது நிறைந்தவர் 20 கிலோவுக்கு மேல் சிக்கினால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு வயது வந்தவராகவே விசாரிக்கப்படக்கூடும்.

இங்கேதான் நம் வேலை வருகிறது. வயதில் ஐயம் எழுந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு முதலில் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றையோதான். நகராட்சிப் பிறப்புச் சான்று அதற்குப் பிறகே. சேர்க்கை நாளில் "வைகாசியில பொறந்தான் சார்" என்று பெற்றோர் சொல்ல, நாம் ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட பழக்கம் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கட்டம் ஒருவனைக் குழுமத்துக்கோ நீதிமன்றத்துக்கோ அனுப்பும் என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது பிறப்புச் சான்றைப் பார்க்காமல் பதிவேட்டில் பேனா வைப்பதில்லை.

மாலையில் அந்த மாணவனைத் தனியே அழைத்துப் பேசினேன். குழந்தையிடம் போதைப்பொருளைக் கொடுத்துச் சுமக்கச் சொல்பவருக்கு அதே சட்டத்தின் 78ஆம் பிரிவில் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் உண்டு என்றேன். 1098 எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். சற்று நேரம் கழித்து, "எங்க தெரு அண்ணன் சார்" என்று தொடங்கினான்.